பெயரிலேயே 'உண்ணத்தக்கது' என்று இருக்கும் விஷக் காளான்

மழை பெய்தால் காளான் முளைக்கும் என்பது நம்மூர்க் கணக்கு. குளிர் தேசங்களில் கணக்கு கொஞ்சம் வேறு. அங்கே பெரும்பாலான காளான்கள் இலையுதிர் காலத்தில்தான் தலைகாட்டும். ஆனால் பனி உருகிய கையோடு, மரங்கள் முழுதாகத் துளிர்ப்பதற்கு முன்பே மண்ணைத் தள்ளிக்கொண்டு வெளிவரும் சில காளான்களும் உண்டு. மாதக்கணக்கில் உலர்த்தியதையும் உப்பிலிட்டதையும் தின்று சலித்த அந்தக் கால மக்களுக்கு, காட்டில் முதலில் கிடைக்கும் இந்தக் காளான் எவ்வளவு பெரிய விருந்தாக இருந்திருக்கும்!

இந்த வசந்த காலக் காளான்களில் புகழ்பெற்றவை இரண்டு. ஒன்று மோரல். காஷ்மீரிலும் இமாச்சலப் பிரதேசத்திலும் 'குச்சி' என்று சொல்லி கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கிறார்களே, அதே இனம்தான். மற்றொன்று போலி மோரல். மோரலின் தொப்பியில் தேன்கூடு மாதிரி குழிகள் இருக்கும். நெடுக்காக வெட்டினால் தண்டிலிருந்து தொப்பி வரை உள்ளே ஒரே வெற்றிடம். போலி மோரலின் தொப்பியோ செம்பழுப்பு நிறத்தில், மூளையைப் போல மடிப்பு மடிப்பாக இருக்கும். வெட்டிப் பார்த்தால் உள்ளே பல அறைகள். பைன் மரங்களுக்கு அடியில், மணற்பாங்கான இடங்களில் அதிகம் முளைக்கும். (அசல் மோரலையும் பச்சையாகத் தின்னக்கூடாது. 2023-ல் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓர் உணவகத்தில் சரியாக வேகாத மோரலைச் சாப்பிட்ட 51 பேர் நோயுற்றார்கள், 2 பேர் இறந்தார்கள்.)

ஒரு கத்தி இருந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம் என்னும்போது, ஆபத்து எங்கே வந்தது? போலி மோரலின் வரலாற்றில் ஆச்சரியமே அதுதான். அதைத் தின்று செத்தவர்கள் எல்லோரும் ஏமாந்து தின்றவர்கள் அல்ல. பலர் அது எந்தக் காளான் என்று நன்றாகத் தெரிந்து, அதையே தேடிப்போய்ப் பறித்து வந்து சமைத்தவர்கள்.

அதற்கு அறிவியலும் துணை போயிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் வாழ்ந்த பெர்சூன் என்ற காளான் அறிஞர், 1800-ல் இதற்கு 'ஹெல்வெல்லா எஸ்குலென்டா' என்று பெயர் வைத்தார். எஸ்குலென்டா என்றால் லத்தீனில் 'உண்ணத்தக்கது'. 1849-ல் ஸ்வீடனின் எலியாஸ் ஃப்ரீஸ் இதை 'ஜைரோமிட்ரா' என்ற புதிய பேரினத்துக்கு மாற்றினார். முன்பாதிப் பெயர் மாறியது, பின்பாதி அப்படியே தங்கிவிட்டது. இன்றும் அதன் பெயர் ஜைரோமிட்ரா எஸ்குலென்டாதான். பொருத்தமில்லை என்பதற்காக மட்டும் ஒரு பெயரைத் தள்ளிவிட முடியாது என்பது தாவரங்களுக்கும் காளான்களுக்கும் பெயரிடும் சர்வதேச விதி. கடையில் விற்கும் ஒரு பொருளுக்கு இப்படி ஒரு லேபிள் ஒட்டியிருந்தால் வழக்குப் போட்டிருப்பார்கள்!

பெர்சூனை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. சுற்றியிருந்த மக்கள் தின்றார்கள், பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. குழப்பமே இந்தப் 'பெரும்பாலும்' என்ற சொல்லில்தான் இருந்தது. ஒரே சட்டியில் சமைத்ததை ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களில் ஒருவர் இறப்பார், அடுத்தவருக்கு வயிற்று வலிகூட வராது. வருஷக்கணக்காகத் தின்று வந்தவர் ஒரு வசந்தத்தில் திடீரென்று விழுவார். இப்படி இருந்தால் காளான்மேல் யாருக்குச் சந்தேகம் வரும்? தின்றவரின் உடம்பைத்தான் குறை சொல்லத் தோன்றும்.

1885-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் பூம், க்யூல்ஸ் இருவரும் இதிலிருந்து 'ஹெல்வெல்லிக் அமிலம்' என்ற ஒன்றைப் பிரித்து, இதுதான் விஷம் என்றார்கள். அது தவறான முடிவு. உண்மையான விஷம் பிடிபட 1960-களின் கடைசி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அப்போதுதான் லிஸ்ட், லுஃப்ட் என்ற இரு ஜெர்மானிய வேதியியலாளர்கள் 'ஜைரோமிட்ரின்' என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். வயிற்றுக்குள் போனதும் இது உடைந்து மோனோமெத்தில்ஹைட்ரசீன் ஆகிறது. இந்தப் பெயர் எங்கோ கேட்டது போல இருக்கிறதா? அமெரிக்க விண்வெளி ஓடங்கள் சுற்றுப்பாதையில் நகரப் பயன்படுத்திய ராக்கெட் எரிபொருள் அதுதான்!

தின்று 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கும். முற்றினால் கல்லீரல் கெடும், வலிப்பு வரும். உடலில் வைட்டமின் பி6 செய்ய வேண்டிய வேலையை இந்த விஷம் கெடுத்துவிடுவதால், வலிப்புக்கு அந்த வைட்டமினையே மருந்தாகவும் ஏற்றுகிறார்கள். பழைய புதிருக்கும் ஓரளவு விடை கிடைத்தது. விஷத்தின் அளவு இடத்துக்கு இடம் மாறுகிறது. அதை உடல் கையாளும் வேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒன்றும் செய்யாத அளவுக்கும் ஆளைக் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதோடு இந்த விஷம் எளிதில் ஆவியாகும், நீரில் கரையும். கொதிக்க வைத்து நீரைக் கொட்டியவர்கள் காரணம் தெரியாமலேயே பெரும்பகுதி விஷத்தையும் கொட்டியிருக்கிறார்கள். மூடிய சமையலறையில் அடுப்பருகே நின்று ஆவியைச் சுவாசித்தவர்களோ ஒரு வாய் தின்னாமலே நோயில் விழுந்தார்கள்.

இத்தனை தெரிந்த பிறகும் ஃபின்லாந்து மக்கள் இதை விடவில்லை. அங்கே இதன் பெயர் 'கோர்வாசியெனி', அதாவது காதுக் காளான். மே மாதச் சந்தையில் பச்சையாகவே விற்கிறார்கள். ஆனால் கூடவே எச்சரிக்கைக் குறிப்பும் கொடுக்க வேண்டும். நிறைய நீரில் குறைந்தது 5 நிமிடம் கொதிக்க வைத்து, நீரைக் கொட்டி, அலசி, புது நீரில் மறுபடியும் அதையே செய்ய வேண்டும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். பக்கத்து நாடான ஸ்வீடனின் உணவுத்துறையோ தின்னவே வேண்டாம் என்கிறது. ஸ்பெயினில் விற்கவே தடை. ஃபின்லாந்துக்காரர்களின் கட்டுப்பாடு பாராட்டத்தக்கதுதான், ஆனால் இரண்டு முறை வேகவைத்தாலும் விஷம் முழுவதும் போய்விடுவதில்லை.

அந்த மிச்சம் என்ன செய்யும் என்ற கேள்வி 2021-ல் பெரிதாக எழுந்தது. பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் மோன்ஷாவின் என்று ஒரு சின்னஞ்சிறு ஊர். 1990-களில் தொடங்கி சுமார் 30 ஆண்டுகளில், அந்த ஊரோடு தொடர்புள்ள 14 பேருக்கு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் ஏஎல்எஸ் நோய் வந்திருந்தது. ஸ்டீஃபன் ஹாக்கிங்கை நாற்காலியில் முடக்கிய நோய்தான் இது. ஒரு குக்கிராமத்தில் இத்தனை பேருக்கு வருவது மிக அபூர்வம். மற்ற காரணங்களைத் தேடிப் பார்த்துக் கைவிட்ட மருத்துவர்கள், கடைசியில் வந்து நின்ற இடம் போலி மோரல். விசாரிக்கப்பட்ட நோயாளிகள் அதைத் தின்றவர்கள். ஒப்பிட எடுத்துக்கொண்ட நோயற்றவர்களில் ஒருவரும் அதைத் தின்றிருக்கவில்லை. காளான்தான் காரணம் என்று இன்னும் நிரூபணமாகவில்லை, சந்தேகம் மட்டும் வலுவாக இருக்கிறது. அந்த நோயாளிகளில் பாதிப் பேர் அதைத் தின்றவுடன் ஒருமுறை உடல்நலம் கெட்டதாகவும் சொன்னார்கள். அவர்கள் தின்றது எஸ்குலென்டா அல்ல, அதன் நெருங்கிய உறவான ஜைரோமிட்ரா கைகாஸ்.