பாதையில் ஏறிய காலம்: எங்கள் கொட்டியாரத்தின் கதை

போன கிழமை வகுப்பில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், எங்கட உம்மம்மா 'பாதையில ஏறி வந்தம்' எண்டு சொல்றா. பாதையில நடக்கத்தானே ஏலும், எப்படி ஏறுற?" வகுப்பே சிரித்தது. எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு சொல் நம் கண்ணெதிரே சாகிறதே என்றுதான் பட்டது.

பிள்ளைகளே, பாதை என்றால் ரோட்டு அல்ல. பஸ்ஸையும் லொறியையும் ஆட்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவைதான் பாதை. திருகோணமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கரையோரமாகப் போக வேண்டுமென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று ஒன்று மாறி ஒன்று பாதை ஏற வேண்டும். ஒவ்வொரு துறையடியிலும் காத்துக் கிடக்க வேண்டும். மழை வெள்ளம் வந்தால் அதுவும் இல்லை. மூதூர் ஆட்கள் அதனால்தான் லோஞ்சில் ஏறிக் குடாவைக் குறுக்கே கடந்து பட்டினம் போனார்கள்.

ஏன் இத்தனை ஆறு? இவற்றில் பெரும்பாலானவை மகாவலியின் கிளைகளே. மலைநாட்டில் பிறந்து 335 கிலோமீற்றர் ஓடி வரும் இலங்கையின் நீண்ட ஆறு, கடலை நெருங்கியதும் கை விரித்தாற்போலப் பிரிகிறது. ஒரு கை கொட்டியாரக் குடாவில் விழுகிறது. வெருகலாறு தெற்கே போய்க் கடலைத் தொடுகிறது. இடையில் கிடக்கும் வண்டல்தான் நமது வயல். மூதூர், தோப்பூர், கிளிவெட்டி, ஈச்சிலம்பற்று எல்லாம் கங்கை கொண்டுவந்து போட்ட மண்ணில் இருக்கின்றன. கிளிவெட்டியில் தமிழர் வயலும் தோப்பூரில் நம்மவர் வயலும் குடிப்பது ஒரே ஆற்றின் தண்ணீரைத்தான். அந்தத் தண்ணீரை யாரும் பேர் கேட்டுப் பாய்ச்சியதில்லை.

இந்தப் பகுதிக்குப் பழைய பெயர் கொட்டியாரப்பற்று. வன்னிபங்களின் ஆட்சியில் இருந்த பற்று. உலகம் இதை அறிந்தது 1660இல். புயலில் பாய்மரம் முறிந்த 'ஆன்' என்ற ஆங்கிலேயக் கப்பல், திருத்த வேலைக்காகக் கொட்டியாரக் குடாவுக்கு வந்தது. கரையிறங்கிய கப்பல் தலைவரையும் அவர் மகன் றொபட் நொக்ஸையும் மாலுமிகளையும் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்தார்கள். தந்தை அடுத்த வருடமே கைதியாக இறந்துபோனார். மகன் 19 வருடங்கள் கண்டி இராச்சியத்தில் இருந்தார். கடைசியில் தப்பியபோதும் அவர் கங்கையோரமாக நம் பக்கம் வரவில்லை. மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு மறுகரையில் மன்னார்ப் பக்கமுள்ள அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். 1681இல் லண்டனில் வெளிவந்த அவரது நூலைத்தான் இலங்கையைப் படிக்கும் வெள்ளையர் எல்லோரும் முதலில் புரட்டுகிறார்கள். மூதூரில் 'வெள்ளைக்காரன் மரம்' என்ற புளியமரத்தடியில் 1893இல் நாட்டிய கல் இதைச் சொல்கிறது. அந்தக் கல்லுக்குப் பக்கத்தால் சைக்கிளில் தினமும் போகிற பிள்ளைகளுக்குக் கூட அந்தக் கதை தெரியாது என்பதுதான் வேதனை. (குற்றம் பிள்ளைகளில் இல்லை. பாடப்புத்தகத்தில் இல்லாததை ஆசிரியர்களாகிய நாங்களும் சொல்லிக் கொடுக்கவில்லை.)

ஆறு வாழ வைத்த மாதிரி அலையவும் வைத்தது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டபோது சண்டை தொடங்கியது. ஓகஸ்டில் மூதூர் மக்கள் கையில் கிடைத்ததோடு கந்தளாய்க்கு நடந்தார்கள். அந்த நாட்களை எழுத இன்னொரு பதிவு வேண்டும். சம்பூர்ச் சனங்கள் பல வருடங்கள் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் இருந்ததையும் நாம் கண்ணால் பார்த்தோம். வயலுக்குப் போகும் தண்ணீருக்காக மூடிய ஒரு மதகு எல்லோரையும் வீதிக்கு அனுப்பியது.

பிறகு 2009இல் 396 மீற்றர் நீளத்தில் கிண்ணியாப் பாலம் திறந்தது. அடுத்த சில ஆண்டுகளில் உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மற்றவையும் வந்தன. கரையோரப் பயணம் சில மணித்தியாலமாகச் சுருங்கியது. பாதை என்ற சொல்லும் அன்றோடு போயிருக்க வேண்டும். ஆனால் போகவில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத இடத்தில் ஓடிய பாதை கவிழ்ந்தது. பள்ளிக்கூட உடுப்போடு போன பிள்ளைகளும் தண்ணீருக்குள் போனார்கள். அன்று கிண்ணியாவில் அழாத வீடு இல்லை. கேள்வி கேட்ட மாணவிக்கு இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியாகிவிட்டது.

அன்பானவர்களே, உங்கள் வீட்டில் துறையடியில் காத்து நின்ற, பாதை தள்ளிய, லோஞ்சில் பட்டினம் போன பெரியவர்கள் இருந்தால் இந்தக் கிழமையே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். எந்தத் துறை, எத்தனை சதம் கூலி, வெள்ளத்தில் எத்தனை நாள் மறித்தது, அக்கரையில் யார் சோறு கொடுத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகள் எழுதிய கொப்பியை எங்களிடம் கொண்டுவந்து தந்தால் வகுப்பில் வாசிப்போம்.