ஆறில்லா மேட்டின் கழிவுநீர்

பொம்மையார்பாளையத்துக்கு ஆறு கிடையாது. புதுச்சேரிக்கு வடக்கே கடலோரத்தில் மீனவக் குடியிருப்பும் பழைய வீரசைவ மடமும் கொண்ட ஊர். மேற்கே செம்மண் மேடு. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டு ஓடைகள் சிவந்து இறங்கிக் கடலில் விழும். மழை விட்டால் வெறும் பள்ளம். குடிக்கவும் குளிக்கவும் நிலத்தடி நீர்தான்.

அந்த மேட்டில் 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் நகரம் தொடங்கியது. முதலில் வந்தவர்கள் வரப்பு கட்டி மழையை மடக்கினார்கள், மரம் நட்டார்கள். வீடுகள் பெருகியபோது கழிவறைத் தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் சேர்ந்தே பெருகின. ஆறு உள்ள ஊரென்றால் அதில் திருப்பிவிட்டு மறந்துவிடலாம். நம் ஊர்கள் பல அதைத்தான் செய்தன. இங்கே பூமிக்குள் விட்டது கிணற்றுக்கே திரும்பும்.

1984-இல் உருவான ஆரோவில் அறிவியல் ஆராய்ச்சி மையம் இந்தச் சிக்கலைக் கையில் எடுத்தது. குடியிருப்புக்குக் குடியிருப்பு சிறு சுத்திகரிப்பு அமைப்புகள் எழுந்தன. அவற்றின் பாகங்கள் பல தேசத்துச் சரக்கு. கசடு படியும் மூடிய தொட்டி 19-ஆம் நூற்றாண்டு பிரான்சின் யோசனை. அடுத்து வருவது தடுப்புச் சுவர்கள் கொண்ட அறைகள்: தண்ணீர் கீழே இறங்கி, கசட்டுப் படுகையின் ஊடே மேலேறி, அடுத்த அறைக்குப் போகும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். இதை 1980-களில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் பெர்ரி மெக்கார்ட்டி குழுவினர் ஆராய்ந்தார்கள். பிறகு நாணலும் கல்வாழையும் வளரும் சரளைக்கல் படுகை. தாவரங்களால் கழிவுநீரைத் தெளியவைக்கலாம் என்று 1950-களில் ஜெர்மனியின் கேத்தே ஸைடல் சோதித்துப் பார்த்த வழி. கடைசியில் வெயிலும் காற்றும் படும் திறந்த குளம். சரிவு ஒழுங்காக அமைந்தால் மோட்டாரே வேண்டாம்.

ஆறு உள்ள ஊர்களில் இந்த அமைப்புகளால் ஆற்றுக்கு என்ன லாபம்? வெப்ப நாட்டு ஆற்றின் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்ஸிஜன் ஏழரை மில்லிகிராம் அளவுதான். ஒரு லிட்டர் வீட்டுச் சாக்கடை மட்குவதற்கு 250 மில்லிகிராம் வரை கேட்கும். முப்பது லிட்டர் ஆற்றுநீரின் மூச்சை ஒரு லிட்டர் சாக்கடை உறிஞ்சிவிடும் என்பதுதான் கணக்கு. மீன்கள் செத்து மிதப்பதற்கு விஷம் வேண்டியதில்லை.

1912-இல் பிரிட்டிஷ் அரச ஆணையம் ஆற்றில் விடும் கழிவுநீரின் இந்த ஆக்ஸிஜன் தேவை லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வைத்தது. ஆற்றில் எட்டு மடங்கு தண்ணீர் வந்து கலக்கும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. இந்தியாவின் பொது வரம்பு 30. செஞ்சிப் பக்கத்து மலைகளிலிருந்து புதுச்சேரிக்கு வரும் சங்கராபரணியோ ஆண்டில் பல மாதம் மணலாகக் கிடக்கிறது. எட்டு மடங்குக்கு எங்கே போவது? நம் பருவ ஆறுகளுக்கு, தெளிந்த நீரையும் ஆற்றில் விடாமல் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதே பொருந்தும். புதுச்சேரி தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை அதைத்தான் செய்கிறது: மருத்துவமனைக் கழிவுநீர் இதே வகை அமைப்பில் தெளிந்து மரம் செடிகளுக்குப் போகிறது.

மோட்டார் இல்லை என்பதால் ஆளே வேண்டாம் என்று நினைத்த இடங்களில்தான் இந்த அமைப்புகள் நாறின. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கசட்டை வாரியே ஆக வேண்டும். வாரிய கசட்டை லாரிக்காரர் எங்கே கொட்டுவார் என்பது தனிக் கவலை. திண்டிவனத்துக்கு வடக்கே, மதுராந்தகத்தை ஒட்டிய கருங்குழிப் பேரூராட்சியில் 2017-இல் அதற்கென்றே ஒரு கசடு சுத்திகரிப்பு நிலையம் திறக்கப்பட்டது. தமிழ்நாட்டில் அந்த வகையில் அதுவே முதல்.