மாடுகளைத் தடமறியும் செலவு (அமெரிக்கா)

பண்ணை மாட்டுக்கு அடையாளமிட்டு, அது கைமாறும் இடமெல்லாம் பதிவுசெய்ய ஆகும் செலவு. 2003 டிசம்பரில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பசுவுக்கு மேட் கவ் (மாட்டு மூளை) நோய் கண்டறியப்பட்டதும் இச்செலவு பெரும் விவாதப்பொருளானது. அதன்பின் வந்த, கால்நடைகளுக்கான தேசிய அடையாளத் திட்டம் பண்ணையாளர்களின் எதிர்ப்பால் 2010இல் கைவிடப்பட்டது. 2024 நவம்பர் 5 முதல், மாநில எல்லை கடக்கும் குறிப்பிட்ட வகை மாடுகளுக்குப் புதிதாகப் பொருத்தும் காதுவில்லை மின்னணு முறையிலும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும்.

வில்லை சில டாலர்தான். மாட்டை ஒடுக்கமான இரும்புக் கூண்டில் ஏற்றித் தலையை இறுக்கிப் பிடிக்கும் ஆள்கூலி, அப்போது ஏற்படும் காயம், எடைக்குறைவு, படிப்பான் கருவி ஆகியவையே உண்மையான சுமை. இவை சிறு மந்தையில் தலைக்கு அதிகமாக விழுவதால் சிறு பண்ணையாளரின் முறையீடு நியாயமானது. இலவச வில்லைகளுக்கு 2024இல் காங்கிரஸ் அவை 1.5 கோடி டாலர் ஒதுக்கியது; கூலி பண்ணையாளர் பொறுப்பிலேயே நின்றது.