வாவிக்கரைக்கு ஒரு சைக்கிள் பாதை: கல்லடிப் பாலம் தரும் பாடம்

கல்லடிப் பழைய பாலத்தை எத்தனை தடவை சைக்கிளில் கடந்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. 1924இல் கட்டப்பட்டு, ஆளுநர் மனிங்கின் துணைவியார் பெயரால் 'லேடி மனிங் பாலம்' என்று அழைக்கப்பட்ட ஒடுங்கிய இரும்புப் பாலம் அது. எதிரே பஸ் வந்தால் நாங்கள் இந்தப் பக்கம் காத்து நிற்க வேண்டும். யுத்த காலத்தில் சோதனைச் சாவடிகளில் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தோம்.

2013 மார்ச்சில் ஜப்பானிய உதவியுடன் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டது. பழையது இடிக்கப்படவில்லை. கனரக வாகனங்கள் புதிய பாலத்துக்குப் போய்விட, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் வாவியின் மேல் ஒரு பாதை கிடைத்தது. ஆனால் பாலம் முடிந்ததும் அந்தப் பாதையும் முடிந்துவிடுகிறது. அதன்பின் நாவற்குடா, காத்தான்குடி, ஆரையம்பதி என்று போகும் பிரதான வீதியில் பஸ்ஸுக்கும் வடிகானுக்கும் இடையேதான் எங்கள் இடம். ஒருமுறை ஒரு வாகனத்தின் பக்கக் கண்ணாடி என் தோளில் இடித்து விழுந்திருக்கிறேன்.

இப்படியான வீதிக்குப் பக்கத்தில் பொதுப் பாதை அமைப்பதானால் கவனிக்க வேண்டியவை இவை.

அகலம்: இருவழிப் பாதைக்குக் குறைந்தது 3 மீற்றர் என்பதே பல நாடுகளில் உள்ள அளவு. என் அயலவர் ஒருவர் யுத்தத்தில் காலை இழந்தவர். கையால் மிதிக்கும் மூன்று சக்கர வண்டியில் போகிறார். அவரும் எதிரே ரியூசன் முடிந்து வரும் பிள்ளையும் விலகிப்போக அந்த அகலம் வேண்டும்.

இடைவெளி: வீதி விளிம்புக்கும் பாதைக்கும் இடையில் 1.5 மீற்றராவது விட வேண்டும். முடியாத இடத்தில் தடுப்பு தேவை. வெள்ளைக் கோடு எவரையும் காப்பாற்றாது. மணிக்கு 50 கிலோமீற்றரில் வரும் வாகனத்தின் மோதுசக்தி 30 கிலோமீற்றரில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு.

சந்திகள்: ஒழுங்கை குறுக்கிடும் இடங்களில் பாதையின் மட்டம் இறங்காமல் தொடர வேண்டும். அப்போதுதான் திரும்பும் வாகனம் வேகத்தைக் குறைக்கும். பஸ் தரிப்பிடங்களில் பாதை நிழற்குடைக்குப் பின்னால் போக வேண்டும்.

நுழைவாயில்: முச்சக்கரவண்டியின் அகலம் ஏறக்குறைய 1.3 மீற்றர். 1.2 மீற்றர் இடைவெளியில் கட்டைகள் நட்டால் அது நுழையாது, சக்கர நாற்காலி நுழையும். மோட்டார் சைக்கிளைக் கட்டையால் தடுக்க முடியாது. அதற்குப் பொலிஸின் கண்காணிப்பு வேண்டும்.

தண்ணீர்: வடகீழ்ப் பருவமழையில் வாவி பெருகும். பாதை வெள்ள மட்டத்துக்கு மேலே, போதிய மதகுகளுடன் இருக்க வேண்டும். வடிகான் மூடிகளின் துவாரங்கள் சக்கரம் ஓடும் திசைக்குக் குறுக்காக அமைய வேண்டும். பாதைக்காகக் கண்டல் மரங்களை வெட்டி வாவியை நிரப்பினால் வெள்ளம் நம் வீட்டுக்குத்தான் வரும்.

பொறுப்பும் ஒரே இடத்தில் இல்லை. ஏ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன. உள்வீதிகள் மாநகர, நகர, பிரதேச சபைகளிடம். ஆகவே ஒரு சபையின் எல்லையில் பாதை அறுந்துபோகாமல் எல்லாரும் ஒரே வரைபடத்தில் உடன்பட வேண்டும். தமிழ், முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து இருக்கும் இந்தக் கரையில் அது சிறிய விடயமல்ல.

2022இல் எரிபொருள் இல்லாமல் போனபோது நாடே சைக்கிளுக்குத் திரும்பியது. இங்கே பலர் அதைவிட்டு இறங்கியதே இல்லை. சபைக்குக் கடிதம் எழுதுமுன் ஒரு நாள் காலை, பாடசாலை நேரத்தில், உங்கள் சந்தியில் ஒரு மணித்தியாலம் நில்லுங்கள். நடப்பவர்கள் எத்தனை பேர், சைக்கிள்கள் எத்தனை என்று எண்ணுங்கள். வீதியோரத்தை அளவுநாடாவால் அளந்து எழுதுங்கள். வெறும் முறைப்பாட்டை ஒதுக்கிவைப்பது சுலபம்; எண்ணிக்கையும் அளவும் கையில் இருந்தால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.