நிலத்தடி நீர் யாருக்கு உரியது?

பதுளையிலிருந்து நமுனுகுலை மலைச்சாரலை நோக்கிச் செல்லும் பாதையில் ஸ்பிரிங்வெளி என்னும் தேயிலைத் தோட்டம் உளது. அப்பெயரின் முற்பகுதி ஆங்கிலத்தில் ஊற்றையும் குறிக்கும், இளவேனிலையும் குறிக்கும். பெயரிட்ட துரைமார் எதனை எண்ணினரோ! லயங்களில் வாழ்ந்த மக்களுக்கு ஊற்றே வாழ்வாயிற்று. மலையிற் பெய்த மழை மண்ணுள் இறங்கி, பாறை வெடிப்புகளின் வழியே ஊர்ந்து, பள்ளத்திற் பீலியாக வந்து விழும். குடிப்பதும் குளிப்பதும் அந்நீரிலேயே. ஆனால் அந்நீர் மண்ணுள் மறைந்திருக்கும்போது யாருக்கு உரியது?

இக்கேள்வி மிகப் பழையது. தன் நிலத்தில் ஒருவன் தோண்டியதால் அயலான் ஊற்று வற்றினும் வழக்கில்லை என்றனர் உரோமச் சட்ட அறிஞர்; கெடுக்கும் எண்ணத்தோடு தோண்டினாலன்றி, என்று ஒரு விலக்கும் வைத்தனர். இங்கிலாந்தில் 1843ஆம் ஆண்டில் ஒரு வழக்கு எழுந்தது. நிலக்கரிச் சுரங்கம் வெட்டியதால் அருகிலிருந்த பருத்தி ஆலையின் கிணறு வறண்டது. ஆலைக்காரர் தோற்றார். 1859இல் குரொய்டன் நகரசபை தோண்டிய கிணற்றால், அறுபது ஆண்டுகளுக்கு மேலாக ஆற்றுநீரால் ஆலை ஓட்டியவர் நீரிழந்தார். பிரபுக்கள் சபை அவருக்கும் பரிகாரம் அளிக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத நீரோட்டத்தை அளப்பது எங்ஙனம் என்று நீதிபதிகள் தயங்கினர். அறியாமையே சட்டமாயிற்று எனலாம்.

உரோம டச்சுச் சட்டம் வழங்கும் இலங்கையிலும் நிலமுடையவனுக்கே நீர் என்ற எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. 1964ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் நீர்வளச் சபை பிறந்தது. 1999ஆம் ஆண்டுத் திருத்தம் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்தும் பொறுப்பை அதன் பணிகளுட் சேர்த்தது. 2000இல் அரசு வகுத்த நீர்வளக் கொள்கை, பெருமளவு நீர் எடுப்போர் அனுமதிப்பத்திரம் பெற வேண்டுமென்றது. அப்பத்திரத்தைக் கைமாற்றவும் இடமிருந்தது. தண்ணீரை விற்கப் போகிறார்கள் என்று உழவர் கொதித்தெழ, அக்கொள்கை சட்டமாகாமலே ஒழிந்தது. அவர்கள் அஞ்சியதில் நியாயமுண்டு. ஆயினும் அதனோடு கட்டுப்பாடும் போயிற்று.

பின்னர் ஊவாவிலேயே சோதனை வந்தது. உமா ஓயாப் பல்நோக்குத் திட்டத்துக்காகப் பண்டாரவளைப் பகுதியின் அடியில் ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளச் சுரங்கம் குடையப்பட்டது. 2014 டிசம்பரில் பாறை பிளந்து நிலத்தடி நீர் சுரங்கத்துட் பீறிட்டது. மேலே ஹீல்ஓயா, மகுலெல்ல முதலிய ஊர்களிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. குடிநீர் வண்டிகளில் வந்தது. 2017 ஜூனில் மக்கள் திரண்டு பண்டாரவளை வீதியில் இறங்கினர். அரசு நட்டஈடு வழங்க முற்பட்டது. 2024 ஏப்ரலில் 120 மெகாவாற்று மின்னிலையம் திறந்துவைக்கப்பட்டது.

1843ஆம் ஆண்டுச் சுரங்கக்காரரைப் போலவே, இங்குக் குடைந்தவர்களும் ஊரார் கிணற்று நீரை வேண்டிக் குடைந்தாரல்லர். நீர் எடுப்போனைத் தேடும் அனுமதிப்பத்திர முறை, நீரைத் தவறி வடியவிட்டவனை எவ்வாறு பிடிக்கும்? கிணறு வற்றியவர் காணி உறுதியைக் காட்டி முறையிடலாம். பீலி வற்றினால் லயத்தில் வாழ்பவர் காட்டுவதற்கு உறுதி ஏது? அவர் குடம் ஏந்தி நிற்கும் நிலம் 1975 வரை கம்பனிக்கு உரியது. அதன்பின் அரசுக்கு உரியது.