ஹேஸ்டிங்ஸ் பறவைகள்: ஒரு சல்லடையின் கதை

பறவை நோக்குவோர் கூடுமிடங்களில் தீராத வழக்கொன்று உண்டு. கண்டதைக் கண்டவர் தடையின்றிச் சொல்லலாமா? அல்லது நடுவர் ஒருவர் சலித்துப் பார்த்த பின்னரே அது பதிவாக வேண்டுமா? இரு தரப்பும் தத்தம் சாட்சியாக அழைக்கத்தக்க நிகழ்வு ஒன்று இங்கிலாந்தின் தென்கரையில் நடந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹேஸ்டிங்ஸ் நகரைச் சுற்றிய சிறு பகுதியிலிருந்து, பிரிட்டனில் அதுவரை எவரும் கண்டிராத பறவைகள் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தன. பெரும்பாலானவை சுடப்பட்டவை. அருகிலுள்ள செயிண்ட் லெனார்ட்ஸில் பறவைகளைப் பாடம் செய்துவந்த ஜார்ஜ் பிரிஸ்டோவின் கடை வழியாகவே அவற்றில் பல சேகரிப்பாளர்களைச் சென்றடைந்தன. பிரிட்டிஷ் மண்ணில் வீழ்ந்த அரிய பறவைக்கு அன்று நல்ல விலை இருந்தது.

அக்காலத்தில் நடுவர்கள் இல்லாமல் இல்லை. மதிப்புக்குரிய அறிஞர்கள் உடல்களைக் கையிலெடுத்துப் பார்த்தே சான்றளித்தனர். 1907-இல் தொடங்கிய 'பிரிட்டிஷ் பேர்ட்ஸ்' இதழ் அவற்றுள் பலவற்றை அச்சிட்டது. அவர்கள் இனத்தைக் கண்டறிந்ததில் பிழையில்லை. பிற்காலத்தில் ஐயத்துக்குள்ளானது இடம். எங்கோ சுடப்பட்ட உடல்கள் பனிக்கட்டியில் கப்பலேறி வந்திருக்கக்கூடும் என்றனர். "இது என்ன பறவை?" என்று கேட்ட சல்லடை, "இது இங்குதான் வீழ்ந்ததா?" என்று போதிய அளவு கேட்கவில்லை.

1962 ஆகஸ்டில் அதே இதழ் தன் பழைய பக்கங்களையே விசாரணைக்கு உட்படுத்தியது. மாக்ஸ் நிக்கல்ஸனும் ஃபெர்குஸன்-லீஸும் பதிவுகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தனர். புள்ளியியலாளர் ஜான் நெல்டர், ஹேஸ்டிங்ஸ் பதிவுகளை அண்டைப் பகுதிகளோடும் பின்வந்த ஆண்டுகளோடும் ஒப்பிட்டார். இயற்கையின் போக்கில் இத்தனை அரிய பறவைகள் ஓரிடத்தில், ஒரு காலத்தில் மட்டும் குவிந்திருக்க இயலாது என்பது அவர் கணக்கின் முடிவு. ஏறத்தாழ 600 பதிவுகள் நீக்கப்பட்டன. 29 இனங்களும் துணையினங்களும் பிரிட்டனின் பறவைப் பட்டியலிலிருந்து அகன்றன.

நடுவர் தரப்பு வென்றதாகத் தோன்றும். ஆனால் கணக்கு தொகுப்பைத்தான் ஐயுறும். தனிப் பறவை ஒன்றைச் சுட்டி 'இது பொய்' என்று சொல்லும் ஆற்றல் அதற்கில்லை. ஆகவே பொய்களோடு சில மெய்களும் வெளியேறியிருக்கலாம். பிரிஸ்டோவோ 1947-இலேயே இறந்துவிட்டவர். பதில் சொல்ல அவரில்லை. அவருக்காக வாதாடி ஜேம்ஸ் ஹாரிஸன் 1968-இல் நூலொன்று வெளியிட்டார். நீதிமன்றம் எதுவும் பிரிஸ்டோவைக் குற்றவாளி என்று சொன்னதில்லை. ஆயினும் அவர் பெயர் அக்கறையோடுதான் இன்றும் வழங்குகிறது.

பறவைகள் பின்னர் தாமாகவே வந்தன. நீக்கப்பட்ட இனங்களுள் பெரும்பாலானவை புதிய, ஐயமற்ற பதிவுகளால் பட்டியலுக்குத் திரும்பிவிட்டன. அவற்றுள் ஒன்றான செட்டிஸ் வார்ப்ளர் என்னும் கதிர்க்குருவி, 1970-களில் தென் இங்கிலாந்தில் கூடு கட்டத் தொடங்கி, இன்று நீர்நிலைப் புதர்களில் ஆண்டு முழுவதும் உரக்கப் பாடுகிறது. இனம் திரும்பிவந்ததால் பழைய பதிவு மெய்யாகிவிடாது. வரக்கூடிய பறவைதான் என்பது மட்டும் தெளிவாயிற்று.

பிரிட்டனில் அரிய பறவைகளின் பதிவுகளை ஆராய 1959-இலேயே பதின்மர் குழு ஒன்று அமைக்கப்பட்டிருந்தது. கண்டவரின் தகுதியைக் காட்டிலும் அவர் எழுதித் தரும் வருணனையே அங்கு சான்று. வருணனை போதாவிடில் பதிவு ஏற்கப்படாது. அதனால் கண்டவர் பொய்யர் ஆகிவிடுவதுமில்லை. அவருடைய குறிப்பேடு அவரிடமே இருக்கும்.

'மெய்ப்பிக்கப்படவில்லை' என்பதும் 'பொய்' என்பதும் வெவ்வேறு சொற்கள். இந்த வேறுபாட்டைக் காக்காத நடுவர், எதையும் கேளாமல் ஏற்பவரைப் போலவே தவறிழைக்கிறார். பேச்சு திறந்திருக்கட்டும், பட்டியல் சலிக்கப்படட்டும். இரண்டையும் ஒன்றெனக் கொண்ட ஊரில்தான் ஒரு கடைக்காரர், இறந்து பதினைந்து ஆண்டுகள் கழித்து, தீர்ப்பில்லாத குற்றத்துக்கு உரியவரானார்.