பாரிசுக்குப் போன இமாம்

திருவாண்டார்கோயில், வில்லியனூர், பாகூர் வட்டாரங்களிலிருந்து நம் பிள்ளைகள் மேற்படிப்புக்காக பிரான்சு செல்வது பற்றிப் பேசும்போதெல்லாம் விசா, வங்கிக் கணக்கு, குளிராடை ஆகியவையே முன்வந்து நிற்கின்றன. பிரெஞ்சு நாட்டுடன் நம் மண்ணுக்குள்ள உறவோ பழையது. 1954 நவம்பர் வரை இவ்வூர்கள் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான் நிறைவேறியது. புதுவையில் பிரெஞ்சுப் பள்ளி தொடங்கப்பட்ட ஆண்டு 1826.

அதே 1826இல் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலி, நாற்பதுக்கும் மேற்பட்ட மாணவர்களைப் பாரிசுக்கு அனுப்பினார். அவர்களுக்குத் தொழுகை நடத்தும் இமாமாகச் சென்றவர் ரிஃபாஆ அத்தஹ்தாவி. மேல் எகிப்தின் தஹ்தா என்னும் ஊரில் 1801இல் பிறந்து, அல்அஸ்ஹரில் கற்றுத் தேர்ந்தவர். அவருடைய ஆசிரியர் ஹசன் அல்அத்தார், அங்கே காண்பவற்றையெல்லாம் எழுதி வைக்கும்படி அறிவுறுத்தி அனுப்பினார். பயணத்திற்கு இதைவிடச் சிறந்த ஆயத்தத்தை நாம் அறியோம். எழுதுபவன் உற்றுப் பார்த்தே ஆகவேண்டும். கண்டதும் மயங்கவோ வெறுக்கவோ அவனுக்கு நேரமில்லை.

மார்சேய் துறைமுகத்தில் இறங்கியதும் வியப்புகள் தொடங்கின. உட்கார நாற்காலி, ஆளுக்கொரு தட்டு, கத்தி, முள்கரண்டி. ஒருவர் குடித்த கோப்பையில் மற்றவர் குடிப்பதில்லை என்பதையும் அவர் குறித்துக்கொண்டார். ஒரு காப்பிக் கடைக்குள் பெருங்கூட்டம் இருப்பதாக எண்ணி நுழைந்தவர், தம் உருவத்தையே பல இடங்களில் கண்ட பிறகுதான் சுவரெங்கும் கண்ணாடி என்று உணர்ந்தார். (முதன்முதலில் பெரிய கடைவளாகத்திற்குள் போன நம்மில் பலருக்கும் இது புதிதன்று.)

இமாமாகப் போனவர் பிரெஞ்சு மொழியைக் கற்று மாணவராகவே ஆகிவிட்டார். பிரெஞ்சு மக்களின் தூய்மையையும் அறிவு வேட்கையையும் பாராட்டினார். மார்க்கத்தைப் புறந்தள்ளி அறிவை மட்டும் நம்பும் போக்கையும் கைச் சிக்கனத்தையும் தயங்காமல் குறை கூறினார். 1830 ஜூலைப் புரட்சியை நேரில் கண்டு, 1831இல் ஈமானுடன் ஊர் திரும்பினார். பயண நூல் 1834இல் அச்சாயிற்று. அடுத்த ஆண்டு கெய்ரோவில் மொழிகள் பள்ளி எழுந்தது.

ஐந்தாண்டு வெளிநாட்டு வாழ்வில் அவர் கரைந்துவிடவில்லை. கதவை அடைத்துக்கொண்டும் இருக்கவில்லை. போகும் முன்பே மார்க்கக் கல்வி அவரிடம் வேரூன்றியிருந்ததே இதற்குக் காரணம் என்பது எம் துணிபு. ஊரில் பாங்கோசையைக் கேட்டே தொழுது பழகிய பிள்ளை, பாங்கு கேட்காத ஊரில் என்ன செய்வான் என்பதைப் புறப்படும் முன்பே அவனுடன் பேசியாக வேண்டும். இங்கே மேற்கு நோக்கி நிற்பவன் பாரிசில் தென்கிழக்கு நோக்கி நிற்க வேண்டும். இங்கே மஃக்ரிப் நேரம் ஆண்டு முழுவதும் ஒரு மணி நேர அளவே மாறும். பாரிசிலோ டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே வரும், ஜூனில் இரவு பத்தை நெருங்கும். இஷா அதற்கும் பின்.

தஹ்தாவியின் காலத்தில் அந்நகரில் பள்ளிவாசல் இல்லை. பாரிசின் பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டது 1926இல்தான். இன்று செல்லும் நம் பெண் பிள்ளைகளின் கவலை வேறு. 2004ஆம் ஆண்டுச் சட்டம் தலைமறைப்பை அரசுப் பள்ளிகளில்தான் தடுக்கிறது; பல்கலைக்கழக மாணவியருக்கு அது பொருந்தாது. இது தெரியாமல், கிடைத்த இடத்தை வேண்டாமென்று விடுவதற்கு முன் பெற்றோர் இதை விசாரித்துக்கொள்ளட்டும்.